வெள்ளக்கால மேடை

சைகோனில் நான் வேலை பார்த்த வார்டு அலுவலகத்தில் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்டது என் வயதைத்தான். பெயரைக்கூட அப்புறம்தான் கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்யாணம் நிச்சயமான பெண்ணிடம் வந்த அன்றைக்கே வயதைக் கேட்டால் வராதா? வயது தெரிந்தால்தான் அக்காவா தங்கச்சியா என்று கூப்பிட முடியும், அது தெரியாமல் அந்த ஊர்க்காரர்களுக்கு வாயே திறக்காது என்பது பிறகுதான் புரிந்தது. விசாரணை முடிந்து நான் ‘தங்கச்சி’ ஆனேன். பதிவறையைப் பார்த்துக்கொண்ட அம்மாள் எனக்கு ‘அக்கா’. அலுவலகத் தலைவர் ‘அண்ணன்’. மதுரையில் தாசில்தாரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், அன்றைக்கே மெமோ வரும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா சில வருஷம் சந்தையில் துணிக்கடையில் நின்றவர். அதனால் சந்தை ஆங்கிலம் பேசுவார். அண்ணன் சொல்வதை அவர் ஆங்கிலமாக்குவார். மிச்சத்தைக் கையையும் தலையையும் பார்த்து நானே ஊகித்துக்கொள்வேன். இங்கே அவர்கள் எல்லோரும் மதுரைத் தமிழ்தான் பேசுவார்கள். எழுதுவது நான், பிறகு அவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

எங்கள் கம்பெனியின் வேலை, அரசு அலுவலகங்களில் கிடக்கும் பழைய கோப்புகளை வகை பிரித்து, அடுக்கி, ஸ்கேன் செய்து கொடுப்பது. தமிழ்நாட்டுத் தாலுகா ஆபீஸ் பதிவறைகளில் தும்மித் தும்மியே பெரிய ஆளானவள் நான். எது ஓராண்டில் கழிக்க வேண்டியது, எது பத்தாண்டு வைக்க வேண்டியது, எது நிரந்தரம் என்று கட்டின் மேலட்டையைப் பார்த்தே சொல்லுவேன். அந்த மிதப்போடுதான் சைகோனுக்கு அனுப்பப்பட்டேன். இங்கேயும் அதே தூசி, அதே நாடா. எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளியும் கொக்கியும் கூடுதல், அவ்வளவுதான். படித்துச் சொல்லக் கம்பெனியின் உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள். எது எங்கே போக வேண்டும் என்று அதிகாரம் செய்ய நான் இருந்தேன்.

முதல் நாள் பதிவறையைத் திறந்து பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ரேக்குகள் பாதி காலி. கோப்புப் பெட்டிகள் எல்லாம் தரையில், முழங்கால் உயரத்துக்கு, நீளநீளமாகப் பரப்பியிருந்தன. பிறப்புப் பதிவுக்குப் பக்கத்தில் நிலக் கோப்பு, அதன் தலைமாட்டில் கல்யாணப் பதிவு. வருஷமும் கிடையாது, பொருளும் கிடையாது. மேலே பாய் வேறு விரித்திருந்தது.

“பாய் எதுக்குக்கா?”

“ஈரம் படக் கூடாதுல்ல” என்றார் அக்கா.

“தலையணை?”

“பெட்டி நசுங்கக் கூடாதுல்ல.”

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது என் கண்ணில் பட்டது ஒழுங்கீனம் ஒன்றுதான். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பெட்டிகளை எல்லாம் ரேக்கில் ஏற்றினேன். இடம் போதவில்லை என்று ரேக்குகளை நெருக்கி, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவுக்கு மட்டும் வழி விட்டேன். ஆண்டு வாரியாக, பொருள் வாரியாக, வைத்திருக்க வேண்டிய கால வாரியாக ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு. தூசியோடு பாயையும் தலையணையையும் தூக்கிக் குப்பையில் போட்டேன். மார்கழி பிறக்கும்போது அந்த அறை சும்மா ஜம்மென்று இருந்தது. நானே வாசலில் நின்று பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

அலுவலகத்தில் வேறு யாரும் பூரிக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். தை மாதம் எனக்குக் கல்யாணம். ஏற்கெனவே ஆவணியில் ஒரு முகூர்த்தம் குறித்து, இந்த சைகோன் வேலையால் தள்ளிப்போனது. “இன்னொரு தடவை தள்ளிப்போச்சுன்னா நாங்க வேற இடம் பாத்துக்குறோம்” என்று மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொன்னதால்தான் எங்களுக்குப் பயம். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ரொம்பவே பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு சைகோனில் வந்து இருப்பதற்காக, தன் வேலையை விடுவதாகவும் அவர் தன் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக, எனக்குக் கல்யாணமும் வேண்டும், வேலையும் வேண்டும். ஒன்று போனாலும் இரண்டு பேரும் நடுத்தெருவில்.

நகரின் தெற்கே பூ மி ஹங் பகுதியில், குளிர்பதன அறையில் உட்கார்ந்திருந்த எங்கள் மேலாளர் சென்னைக்காரர். நேரில் போய்க் கேட்டேன்.

“சார், டெட் புத்தாண்டு லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்கு ஃபிளைட். அதுக்கு மறுநாள் விட்டு மறுநாள் முகூர்த்தம்.”

“தாராளமா போம்மா. வேலையை ஏத்துக்கிட்டோம்னு வார்டு ஆபீஸ்ல கையெழுத்து, சிவப்பு முத்திரை ரெண்டையும் வாங்கிக் குடுத்துட்டுப் போ. அது இல்லாம ஏறுறதா இருந்தா, ராஜினாமாவையும் எழுதிக் குடுத்துட்டு ஏறு.”

அதுதானே, முடிந்த வேலைக்குக் கையெழுத்து வாங்குவது என்ன பெரிய காரியம் என்று நானும் கிளம்பி வந்தேன்.

அண்ணன் அறையைச் சுற்றிப் பார்த்தார். ரேக்குகளுக்கு நடுவில் அவருடைய தொப்பை நுழையவில்லை. சிரித்தார். ஐஸ் போட்ட தேநீர் கொடுத்தார். சீட்டு பெட்டியின் இடப்பக்கம் இருக்கிறது, வலப்பக்கம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். மாற்றினேன். அடுத்த வாரம், நாடாவின் முடிச்சு முன்னால் தெரிகிறது என்றார். அத்தனை முடிச்சையும் பின்னால் திருப்பினேன். அதற்கடுத்து, பெட்டி சாம்பல் நிறமாக இருக்கிறது, பார்க்க மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“விதியில எந்த நிறம்னு போட்டிருக்குண்ணே?”

“விதியில ஒண்ணும் போடலை தங்கச்சி. உன் வேலையில குத்தமே இல்ல. ஆனா உள்ள ஒரே நெருக்கடியா இருக்கு. மூச்சு விட இடமில்ல.”

“கோப்புக்கு எதுக்குண்ணே மூச்சு?”

அதை அக்கா மொழிபெயர்க்கவில்லை. மறுபடியும் தேநீர் வந்தது.

இந்த லட்சணத்தில் அம்மாவின் ஃபோன் வேறு. அங்கே பத்தரை மணிக்குச் சமையல் முடித்துவிட்டு உட்காருவாள். இங்கே அப்போது உச்சிப்பொழுது. அவள் எண்ணுக்குக் கெட்டிமேளச் சத்தத்தை வைத்துக் கொடுத்தது மாப்பிள்ளையின் குறும்பு. எடுத்தால் ஹலோகூடக் கிடையாது.

“ஏன்டி, தாலி உன் கழுத்துலயா, இல்ல அந்த ரேக்கு கழுத்துலயா? முடிவா சொல்லு, ஐயர்ட்ட சொல்லணும்.”

அந்த ஃபோனை நான் எப்போதும் எடுப்பது டோங் டு பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில். வார்டு அலுவலகத்துக்கு மத்தியானம் நீண்ட இடைவேளை. மணி அடித்ததும் பைக் டாக்ஸி பிடித்து அங்கே ஓடிவிடுவேன். பிரியாணி கிடைக்கும், நாலு வார்த்தை தமிழும் காதில் விழும். இடைவேளை முடிந்து நான் திரும்பும்போது எல்லோரும் முகம் கழுவி, தலை வாரி, பளிச்சென்று உட்கார்ந்திருப்பார்கள். நல்ல சுத்தமான ஜனங்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

டெட் நெருங்கிய ஒரு நாள், பாதி வழியில்தான் ஃபோனைப் பதிவறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அம்மா கூப்பிடும் நேரம். எடுக்காவிட்டால் நான் எங்கோ விழுந்துகிடப்பதாக முடிவு கட்டி மதுரையையே கூட்டிவிடுவாள். வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

அலுவலகத்துக்குள் நுழைந்தால் ஒரே இருட்டு. கரண்ட் போய்விட்டது போல என்று நினைத்தேன். பதிவறைப் பக்கமிருந்து கெட்டிமேளம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. அம்மா விடுகிற ஆள் இல்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்து, எல்லா விளக்கையும் ஒரே தட்டாகப் போட்டேன்.

என் அழகான ரேக்குகளுக்கு நடுவில், ஒவ்வொரு சந்திலும் ஒரு ஆள் படுத்திருந்தார். பிறப்புப் பதிவுச் சந்தில் அலுவலக முத்திரைக்குப் பொறுப்பான இன்னொரு அம்மாள் ஒருக்களித்து, மூக்கு ரேக்கில் இடிக்கப் படுத்திருந்தார். நிலக் கோப்புச் சந்தில் பனியனோடு அண்ணன். தொப்பை உள்ளே போகாததால் தலையும் தோளும் மட்டும் சந்துக்குள்ளே, மிச்சம் வெளியே. என் ஃபோன் அவர் காதுக்கு நேர் மேலே, நிரந்தரக் கோப்புத் தட்டில் அதிர்ந்துகொண்டிருந்தது.

“அடக் கொடுமையே! இதென்ன ஆபீஸா, சத்திரமா?” என்று தமிழில் கத்தினேன். கையையும் தட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அண்ணன் எழ முயன்று தலையை இடித்துக்கொண்டார். ஒவ்வொருவராக எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார்கள். கெட்டிமேளம் மட்டும் நிற்கவே இல்லை.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்தவர். நாற்காலியில் கண்ணயர்ந்ததற்காக ஒருமுறை மெமோ வாங்கினார். ‘கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன்’ என்று விளக்கம் எழுதிக் கொடுத்தார். அது ஊரெல்லாம் பரவிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் அவர் கொஞ்சம் கண்ணை மூடினால் போதும், “அப்பா யோசிக்கிறார், சத்தம் போடாதீங்க” என்பாள் அம்மா. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கிண்டல் ஓயவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். இந்த ஊரில் பைக் மேல் காலை நீட்டித் தூங்கும் ஓட்டுநர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். சந்தையில் துணி மூட்டை மேல் தூங்கும் பெண்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு சர்க்கார் ஆபீஸே படுத்துத் தூங்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

சாயங்காலம் அக்கா என்னை வாசலில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

“மத்தியானம் தூங்கலைன்னா எங்களுக்குத் தலை ஓடாது தங்கச்சி. எல்லா ஆபீஸும்தான் தூங்குது. எங்க ஆபீஸ்ல பெஞ்சு கிடையாது, பதிவறை மட்டும்தான் குளுகுளுன்னு இருக்கும். நீ தரையில கிடக்குதுன்னு தூக்கி வெச்சியே, அதெல்லாம் எங்க படுக்கை.”

“பெட்டி மேலயா படுத்தீங்க? சர்க்கார் கோப்புக்கா அது!”

“சும்மாவா படுத்தோம்? பாத்துப் பாத்து அடுக்கினோம். கல்யாணப் பதிவு எல்லாம் ஒரே அளவு, சமமா இருக்கும். அதனால அது முதுகுக்கு. பிறப்புப் பதிவு கெட்டி அட்டை, அது கால் பக்கம். பக்கத்து வீட்டுக்காரங்க சண்டையைப் பேசி முடிச்ச சமரசக் கோப்பு இருக்கு பாரு, அதுல ஒரு பேப்பர் நீளம், ஒரு பேப்பர் குட்டை. அதுல படுத்தா முதுகு போயிடும். அதை யாருக்கும் குடுக்கிறதில்ல.”

வருஷமும் இல்லை பொருளும் இல்லை என்று நான் திட்டினேனே, அந்த அடுக்குக்கும் ஒரு வகைப்பாடு இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

“இதை அண்ணன் என்கிட்ட நேரா சொல்லலாம்ல? முடிச்சு முன்னால, சீட்டு இடப்பக்கம்னு என் உசிரை வாங்குறதுக்கு?”

“என்னன்னு சொல்லுவாரு? பதிவறைக்குள்ள ஆளே படுக்கக் கூடாதுன்னு சுவத்துல அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்காரே.”

அன்றைக்கு பூ மி ஹங்கில் என் அறைக்குப் போய் அழுதேன். அந்தக் கையெழுத்து இந்த ஜென்மத்தில் வராது என்று தோன்றியது. தூக்கம் கெட்ட ஆபீஸ், அதற்கு மேல் கை தட்டி எழுப்பிய நான். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, “உங்கம்மாட்ட வேற இடம் பாக்கச் சொல்லுங்க” என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சிரிக்காதீங்க. நான் செத்துக்கிட்டிருக்கேன்.”

“எல்லாக் காகிதத்துக்கும் இடம் கண்டுபிடிச்ச. ஆளுக்கு ஒரு இடம் கண்டுபிடிக்க முடியாதா உன்னால?”

வெடுக்கென்று வைத்துவிட்டேன். ஆனால் அது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

சைகோனில் கடல் ஏற்றத்தால் ஆறு பொங்கும் நாட்களில் சாக்கடை வழியாகத் தண்ணீர் தெருவுக்கு வரும். எங்கள் வார்டிலும் வரும். கணுக்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நானே வேலைக்குப் போயிருக்கிறேன். அது நினைவுக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் அண்ணனிடம் ஒரு தாளை நீட்டினேன். கம்பெனி ஆட்களை வைத்து நல்ல வியட்நாமியில் எழுதவைத்தது. பதிவறைக்குள் தெருநீர் வந்தால் அடித்தட்டுக் கோப்புகளை உடனே எடுத்து வைக்க, முழங்கால் உயரத்தில் மரமேடைகள் தேவை. ஆபத்துக்கு உதவ வேண்டியவை என்பதால் அவை எக்காலமும் காலியாகவே இருக்க வேண்டும். ஈரம் ஏறாமல் இருக்க அவற்றின் மேல் பாய் விரித்திருக்க வேண்டும். ஊழியர்கள் மேடைகளின் உறுதியைத் தினமும் சோதிக்க வேண்டும். உச்சிவெயில் காகிதத்துக்கு ஆகாது என்பதால் மத்தியானத்தில் விளக்கணைத்து, திரை போட்டு வைப்பது நல்லது.

அண்ணன் ஒருமுறை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை படித்தார். அவர் காதோரம் சிவந்துவிட்டது.

“தினமும் எப்படித் தங்கச்சி சோதிக்கிறது?”

“உடம்பு பாரத்தை வெச்சுத்தாண்ணே.”

“சோதிச்சுக்கிட்டு இருக்கும்போது வெள்ளம் வந்துட்டா?”

“எந்திரிச்சு, கோப்பை வைங்கண்ணே.”

சுவரில் அவரே ஒட்டிய அறிவிப்பை அவரே கிழித்தார். அவர் அவ்வளவு வேகமாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

மேடைக்கு இடம் எங்கே? அங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. தற்காலிகக் கோப்புகள் என்று நான் பிரித்து வைத்ததில் முக்கால்வாசி காலம் கடந்தவை. நாற்காலி கேட்ட கடிதம், மின்விசிறி வரவில்லை என்று நினைவூட்டிய கடிதம், மின்விசிறி வந்துவிட்டது என்ற கடிதம். கழிப்பதற்கு ஒரு குழு கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குழு வருஷக்கணக்காகக் கூடவில்லை. மேடைக்கு இடம் வேண்டும் என்று தெரிந்ததும் ஒரே காலையில் கூடி, பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, ஒப்புதல் கொடுத்துவிட்டது. ரேக்குகள் குறைந்தன, சந்துகள் அகன்றன. கழித்தது போக மிச்சமிருந்த பெட்டிகளில் ஒன்றுகூட வரிசை மாறவில்லை. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மேடை நீளத்துக்கு ஆட்களை அளக்க வேண்டுமே! படுக்கைக்கு என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கல்யாணப் பெண் கூட வேலை பார்ப்பவர்களுக்குத் துணி எடுத்துத் தருவது வழக்கம் என்று ஒரு புளுகு விட்டு, டேப்பும் கையுமாக ஒவ்வொருவரிடமும் போனேன். எல்லோரும் சந்தோஷமாக நிமிர்ந்து நின்றார்கள்.

“சட்டைக்கு எதுக்கு உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும்?” என்று அண்ணன் கேட்டார்.

“எங்க ஊர் சட்டை நீளம்ணே.”

அந்தப் புளுகுக்காகத் திரும்பி வரும்போது அத்தனை பேருக்கும் துணி சுமந்துகொண்டு வந்தேன், அது வேறு விஷயம்.

தச்சர்கள் டெட் அவசரத்தில் இருந்தார்கள். ஒரு வழியாக, விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள் காலையில்தான் கடைசி மேடை வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய நாட்களில் பெட்டிகளை இறக்கி ஏற்றி நான் தூங்கவே இல்லை. அன்றைக்குப் பெட்டி படுக்கையோடு நேராக அலுவலகத்துக்கே வந்திருந்தேன். சாயங்காலம் ஃபிளைட். அலுவலகம் முழுக்க எல்லோருடைய ஊர்ப் பைகளும் குவிந்து கிடந்தன. மூன்று மணிக்குப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், ஆளாளுக்கு ஒரு பஸ் இருந்தது.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் அண்ணன் பதிவறையைச் சுற்றி வந்தார். சந்துகளில் கையை வீசிக்கொண்டே நடந்தார். சீட்டு, முடிச்சு, நிறம், எதையும் பார்க்கவில்லை.

“எல்லாம் சரி. மேடையைச் சோதிக்கணும்னு நீதானே எழுதியிருக்க? முதல்ல நீ சோதி. அப்பதான் கையெழுத்து.”

“நானா? ஐயையோ, ஆபீஸ்லயா? வேணாம்ணே.”

“அஞ்சு நிமிஷம்.”

அக்கா ஒரு மேடையில் புதுப் பாயை விரித்துத் தட்டிக் காட்டினார். வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டையாக விறைத்துப் படுத்தேன். நிரந்தரக் கோப்புகள் எனக்கு நேர் மேலே வரிசையாக நின்றன. யாரோ விளக்கை அணைத்தார்கள்.

கண் விழித்தபோது அறை அப்படியே இருட்டாக இருந்தது. என் மேல் ஒரு பூப்போட்ட போர்வை. எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. தெரிந்ததும் தூக்கிவாரிப் போட்டது. கையைத் துழாவி ஃபோனைத் தேடினேன், காணோம். திரை இடுக்கில் வந்த வெளிச்சத்தில் சுவர்க் கடிகாரம் நாலரை காட்டியது. அலுவலகம் மூன்றுக்கே பூட்டியிருக்க வேண்டும். அண்ணன் ஊருக்குப் போயிருப்பார். கையெழுத்து போச்சு, ஃபிளைட் போச்சு, கல்யாணம் போச்சு என்று எழுந்து ஓடினேன். கதவை இழுத்துத் திறந்தேன்.

வெளியே நடையில் அலுவலகம் மொத்தமும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. மடியில் பைகள், கையில் ஹெல்மெட். ஒருவர் மடியில் டெட்டுக்கு வாங்கிய குட்டி ஆரஞ்சுச் செடித் தொட்டி. யாரோ தும்ம, அண்ணன் விரலை உதட்டில் வைத்து அவரை முறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

“ஏன் என்னை எழுப்பலை?” என்றேன்.

“தூங்குறவங்களை எழுப்புறதா?” என்றார் அண்ணன். கன்னத்தில் ஏன் அறையவில்லை என்று நான் கேட்டது போல அவர் முகம் போனது.

“உங்க பஸ்ஸுண்ணே?”

“அது நாலு மணிக்கே போயிருச்சு. அடுத்தது ராத்திரி இருக்கு, விடு.”

அக்கா என் கையில் என் ஃபோனையும் ஒரு உறையையும் கொடுத்தார். உள்ளே தாள், அண்ணனின் கையெழுத்து, அதன் மேல் சிவப்பு முத்திரை. எப்போது போட்டார்கள்? அந்த முத்திரையைக் குத்தினால் தெருவுக்கே கேட்குமே.

“அதான் வாசல் காவல்காரர் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் குத்தினோம்” என்றார் அக்கா. முத்திரை அலுவலகத்தை விட்டு வெளியே போகவே கூடாது என்பது விதி. எனக்காக அதுவும் நடந்திருக்கிறது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நடையிலேயே நின்று தேம்பித் தேம்பி அழுதேன். கை தட்டி, விளக்குப் போட்டு, சத்திரமா என்று கத்தினவள் நான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அத்தனை பேரையும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அழ நேரமில்லை என்று அண்ணன் என் பெட்டியைத் தன் பைக்கின் முன்னால் வைத்துவிட்டார்.

“நானா எந்திரிக்கலைன்னா என்னண்ணே பண்ணியிருப்பீங்க?” என்று பின்னால் உட்கார்ந்து கத்திக் கேட்டேன். அதற்குள் அந்த அளவு வியட்நாமி எனக்கு வந்திருந்தது.

“மேடையோட தூக்கிட்டு வந்திருப்போம். நாலு பேர் ரெடியா இருந்தாங்க.”

டெட் நெரிசலில் நடைபாதை மேலெல்லாம் ஏறி ஓட்டினார். உறைக்குள் இருந்ததைப் படம் எடுத்து, விமான நிலைய வாசலில் நின்றபடியே மேலாளருக்கு அனுப்பினேன். உள்ளே ஓடினேன்.

முகூர்த்தத்தன்று மணவறையில் எனக்குப் பூவைச் சரிசெய்துகொண்டே அம்மா காதில் கிசுகிசுத்தாள்.

“அன்னைக்கு உன் ஃபோனை எவளோ எடுத்து ‘ஸ்லீப், ஸ்லீப்’னு ரகசியம் பேசிட்டு வெச்சுட்டாடி. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. யாருடி அவ?”

“எங்க ஆபீஸ் அக்காம்மா. நான் தூங்கிட்டிருந்தேன்.”

“மத்தியானத்துல எங்கடி தூங்கின?”

“ஆபீஸ்லதான்.”

அம்மாவின் கை பூவிலேயே நின்றது. “ஆபீஸ்லயா? மெமோ குடுக்கலையா?”

“இல்லம்மா. நான் முழிக்கிற வரைக்கும் மொத்த ஆபீஸும் வாசல்ல காவல் இருந்துச்சு. மேலதிகாரி பஸ்ஸையே விட்டுட்டாரு.”

பக்கத்தில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா, ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த மந்திரத்தை அப்படியே நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எந்த ஆபீஸ்மா அது? இப்ப ஆள் எடுக்குறாங்களா?”